எலெட்டாரியாவை எப்படிச் சொல்வது

போடியில் என் முகத்தை அறிந்தவர்கள் குறைவு. என் குரலைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. ஆட்டோவின் தலைமேல் கட்டிய குழாயில் ஜவுளிக்கடைத் தள்ளுபடியைச் சொல்வது நான். நாளை மின்சாரம் இருக்காது என்று சொல்வதும் நான். கண் பரிசோதனை முகாம், பள்ளி ஆண்டு விழா, கோயில் கும்பாபிஷேகம், பள்ளிவாசல் கந்தூரி என்று எதுவானாலும் தெருவில் என் குரல்தான் முன்னால் போகும்.

என் வீட்டுக்காரர் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணமாகி வந்த புதிதில், அவருக்கு வழக்கமாக விளம்பரம் பேசித் தருகிறவர் ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டு வராமல் போய்விட்டார். விளம்பரம் கொடுத்த கடைக்காரர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு நான் வந்து மைக்கைப் பிடித்தேன். அதோடு அந்தப் பழைய ஆளை யாரும் கூப்பிடவில்லை. மாடியில் ஒரு அறையை எனக்காக ஒழித்துக் கொடுத்தார் வீட்டுக்காரர். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டினார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு நாற்காலி. அதுதான் என் உலகம்.

அந்த அறைக்கு ஒருநாள் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் பெண் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். என்னைவிட இளையவர். ஸ்கூட்டியில் வந்த களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்கா, உங்க குரல் வேணும்" என்றார்.

"எந்தக் கடைக்கு மேடம்?"

"கடைக்கு இல்லக்கா. காட்டுக்கு."

விவரம் சொன்னார். போடிமெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தோட்டத்து வீட்டில் விருந்தாளிகளைத் தங்க வைக்கிறாராம். அவர்கள் நடந்து பார்க்க ஒரு பாதை போட்டிருக்கிறார். வழியில் மரத்துக்கு மரம் பலகை. பலகையில் இருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் பிடித்தால், அந்த மரத்தின் பேரும் அதைப் பற்றி இரண்டு வரியும் குரலாகக் கேட்க வேண்டும். மரம், செடி மட்டுமல்ல, அங்கே நடமாடும் விலங்கு, பறவைகளுக்கும் அப்படியே. தமிழ்ப் பேர் ஒன்று, அறிவியல் பேர் ஒன்று.

"பேரு வாசிக்கிறது ஒரு சோலியா? கொண்டாங்க" என்று கையை நீட்டினேன்.

தாளை வாங்கிப் பார்த்ததும் நீட்டிய கை அப்படியே நின்றது. முதலாவது நம் நாவல் மரம். அதன் கீழே ஆங்கில எழுத்தில் ஒரு சொல். ஒரே சொல்லுக்குள் இரண்டு ஒய், நடுவில் ஒரு இசட். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். நாக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் பல்லுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் தவித்தது.

"சிசிஜியம் குமினி" என்றார் அவர், ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேரைச் சொல்வதுபோல.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு துடிப்பு வந்துவிட்டது. அதை எப்படிச் சொல்ல? சிறு வயதில் மதரசாவில் குர்ஆன் ஓதக் கற்றவள் நான். அரபி எனக்குப் பேசத் தெரியாது. ஆனால் எந்த எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும், எது நாவின் ஓரத்திலிருந்து, எது உதட்டிலிருந்து என்பது இன்றும் தெரியும். ஓர் எழுத்து அரை விரல் தள்ளிப் பிறந்தாலும் ஓதிக்கொடுத்த ஆலிமா நிறுத்தி, மறுபடி ஓதச் சொல்வார். பொருள் தெரியாத மொழியைச் சுத்தமாக வாயில் ஏற்றும் பயிற்சி எனக்கு இருக்கிறது. இத்தனை நாள் அதைத் தள்ளுபடி விலைக்கும் மின்தடைக்கும்தான் செலவழித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு புது மொழி என் மாடிப்படி ஏறி வந்திருக்கிறது!

"உக்காருங்க மேடம். ஒவ்வொண்ணா சொல்லுங்க. எழுத்து எங்கெங்க பொறக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

அவர் சிரித்துவிட்டார். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம்.

கொய்யாவுக்கு வந்தோம். பி என்று தொடங்கியது. "சிடியம்" என்றார். "பி எங்க போச்சு?" "அது எழுத மட்டும்க்கா. சொல்லக்கூடாது." வேங்கை மரமும் அப்படியே, பி இருக்கிறது, சொல்வது டெரோகார்பஸ். மேடம் எனக்காக ரொம்பச் சங்கடப்பட்டார், புரிந்துகொள்ளக் கஷ்டமாக இருக்குமே என்று. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எழுதியிருந்தும் ஓதக்கூடாத எழுத்து அரபியிலும் உண்டு. "சும்மா நிக்கிற எழுத்து. அவ்வளவுதான?" என்று பென்சிலால் அதன்மேல் ஒரு சுழி போட்டுக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இருவாச்சி வரும்வரை.

இருவாச்சி பறவையாயிற்றே, விலங்கியல் நடத்தும் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மேடம் தன் போனை எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். அந்தச் சார் அதே கல்லூரி. குரலிலேயே ஒரு வாத்தியார் தோரணை.

"ஆசிசெராஸ் கிரிசியஸ்" என்றார் சார்.

"சார், ஒக்கிகெரோஸ் இல்லையா?" என்றார் மேடம்.

"என்ன மேடம், தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி! சி-யை 'ச'ன்னுதான் சொல்லணும். நீங்க இலவங்கப்பட்டையை எப்படிச் சொல்வீங்க?"

"கின்னமோமும்."

"சின்னமோமம்! ஊரே அப்படித்தான் சொல்லுது."

"நீங்க சொல்றது லண்டன் உச்சரிப்பு சார். நான் சொல்றது ரோமாபுரி."

"ரோமாபுரியில இப்ப யாரு மேடம் லத்தீன் பேசுறா?"

"லண்டன்ல மட்டும் யாரு பேசுறா?"

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும், "மேடம், யாரு சொல்றது சரி?" என்றேன்.

"ரெண்டும் சரிதான்க்கா."

"அது எப்படி ரெண்டும் சரியா இருக்கும்?"

அப்போதுதான் அவர் விளக்கினார். இந்தப் பேர்களை எப்படி எழுத வேண்டும் என்பதற்குக் கறாரான சட்டம் இருக்கிறது. ஓர் எழுத்து மாறக்கூடாது. முதல் பேர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், இரண்டாவது சின்ன எழுத்தில். உலகம் முழுக்க ஒரே மாதிரி. ஆனால் வாயால் எப்படிச் சொல்வது என்பதற்குச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் நாக்குக்கு வந்தபடி சொல்கிறார்கள். எதிரில் இருப்பவருக்குப் புரிந்தால் போதும். உயிரெழுத்துகளை விழுங்காமல், ஒவ்வொரு அசையையும் நிறுத்திச் சொன்னால் யாருக்கும் புரியும்.

இதைக் கேட்டு நான் திகைத்துப்போனேன். ஓர் ஒலி தவறினால் பொருளே தவறும் என்று வளர்ந்தவள் நான். இங்கே உலகத்துக்கே பொதுவான ஒரு மொழி, எழுத்தில் அத்தனை கண்டிப்பு, பேச்சில் இத்தனை தாராளம்! அதிகாரம் செய்யச் சொந்தக்காரர் யாருமில்லாத பெரிய வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. எந்த அறைக்குள் வேண்டுமானாலும் போகலாம். பயமாகவும் இருந்தது, குதிக்கவும் தோன்றியது.

அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அரிசி களையும்போது சிசிஜியம். துணி காயப்போடும்போது டெரோகார்பஸ். சட்னி அரைக்கும்போது, மிக்சி சத்தத்துக்கு மேலே, ஒக்கிகெரோஸ். நாட்டுக்குரங்கின் பேர் மக்காக்கா ரேடியேட்டா. அதை நான் படியில் இறங்கிக்கொண்டே சொல்ல, கீழே, செட் ஏற்றிப்போகும் எங்கள் ஜீப்புக்கடியில் படுத்திருந்த வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"ரேடியேட்டரா? அதுக்கு என்ன? நல்லாத்தான இருக்கு?"

"ரேடியேட்டர் இல்ல மச்சான். ரேடியேட்டா. குரங்கு."

"ஜீப்புக்குள்ள குரங்கா!" என்று அவர் எழுந்த வேகத்தில் தலையை இடித்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்றும் நடந்தது. ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்றைப் பதிந்து கொடுத்தேன். பட்டுப் புடவைகள், சுங்குடிப் புடவைகள், சில்க் காட்டன் புடவைகள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதை நான் "சிசிஜியம் புடவைகள்" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கும் தெரியவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. ஆட்டோ மார்க்கெட்டைச் சுற்றி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்துவிட்டது. சாயங்காலம் கடைக்காரர் போன் செய்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "ஏம்மா, சிசிஜியம்னா எந்த ஊரு நெசவு? ரெண்டு பொம்பளைங்க வந்து கேட்டுட்டாங்க" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், "நாவப்பழக் கலர்ண்ணே" என்றேன். "அட, அது நம்மகிட்ட நெறையக் கெடக்கே!" என்று சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டார்.

பதிவுக்கு நான் எப்போதும் மதியத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். லுஹர் தொழுகை முடிந்து, பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால், எங்கள் தெரு கொஞ்சம் கண் அயரும். அப்படி ஒரு மதியம்தான் ஏலக்காயைப் பதிந்தேன். மேடம் சொல்லிக்கொடுத்தபடி: எலெட்டாரியா கார்டமோமும். நாலைந்து முறை சொல்லி, நன்றாக வந்த ஒன்றைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்து, நடுவில் விழுந்த மூச்சை வெட்டத் தொடங்கினேன். மூச்சு வெட்டுவது நுணுக்கமான வேலை. அன்றைக்குக் கை கொஞ்சம் தள்ளிப்போய், முதல் சொல்லின் வாலும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது. ஓட்டிப் பார்த்தேன்.

"எலெட்டாரி" என்றது என் குரல். மறுபடி ஓட்டினேன். "எலெட்டாரி."

மாடிப்படியில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "ஏலத்தரியா? யாரு கேட்டா?" என்றார்.

"என்ன கேட்டா?"

"ஏலத்தரின்னு நீதான சொல்லுற. மேல மலையாளத்துக்காரங்க சொல்வாங்களே. காயை உரிச்சா உள்ள இருக்குமே கறுப்பு அரிசி, அதுக்குப் பேரு ஏலத்தரி." அவர் தோட்டங்களில் நடக்கும் திருவிழாக்களுக்குச் செட் போடப் போய் வருகிறவர். மலையாளம் பாதி வரும்.

நான் திரையைப் பார்த்தேன். எழுத்தைப் பார்த்தேன். திரும்ப ஓட்டினேன். எலெட்டாரி. ஏலத்தரி. எலெட்டாரி. ஏலத்தரி. "மச்சான், வெரசா இங்க வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒயரையெல்லாம் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

மேடத்துக்குப் போன் போட்டேன். ஒன்றும் விளக்கவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் போனை வைத்து அந்தத் துண்டை மட்டும் ஓட்டினேன். பிறகு, "இவரு ஏலத்தரின்னு சொல்றாரு மேடம்" என்றேன்.

"வர்றேன்க்கா" என்றார். அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஸ்கூட்டி வந்து நின்றது. துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே ஏறி வந்தார். "நான் இதைப் படிச்சிருக்கேன்க்கா. மலையாளக் கரைக்கு வந்த வெள்ளைக்காரங்க, அங்க ஆளுங்க சொன்ன பேரை அப்படியே எழுதி வச்சுக்கிட்டாங்க. பின்னால வந்தவங்க அதுக்கு லத்தீன் வாலு ஒண்ணு ஒட்டிட்டாங்க. கண்ணால படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதியிருக்கேன். ஆனா காதால கேட்டதே இல்ல. இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம ஏலத்தரிதான் உலகம் பூரா போயிருக்கா?" என்றார். "ஆமாண்ணே, உலகம் பூரா!" என்றார் மேடம்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. மூன்று பேரும் தாளின்மேல் கவிழ்ந்தோம். முருங்கைக்கு மொரிங்கா. "முருங்கா!" என்று கத்தினார் வீட்டுக்காரர். பாவட்டைச் செடிக்குப் பவெட்டா. அதை வாய்விட்டுப் படித்தாலே தெரிந்துவிட்டது. ஆடாதோடைக்கு இரண்டாவது பேர் அதாத்தோடா. ஆங்கில எழுத்துக்குள்ளே ஒளிந்திருந்த நம் ஊர்ச் செடிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. இத்தனை வாரமாக நான் தொண்டை கிழியப் பழகிய அயல்நாட்டுப் பேர்களில் சில, என் வீட்டுக் கொல்லைப்பக்கத்துப் பேர்கள்! நான் அரபிக்கும் லத்தீனுக்கும் நடுவில் நின்று பயந்துகொண்டிருந்தபோது, முருங்கைக்காய் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நாங்கள் கண்டுபிடித்ததைச் சொன்னபோது தோட்டக்காரருக்கு முதலில் பிடிக்கவில்லை. அவர் தேவாரம் ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பேச்சு வெடுக்கென்று இருக்கும். போனில், "தங்கச்சி, வர்ற ஆளுக வெளியூரு, வெளிநாடு. கொஞ்சம் இங்கிலீசு ஸ்டைலா சொல்லு. நம்ம ஊரு மாதிரி சொன்னா பட்டிக்காடுன்னு நெனைப்பாங்க" என்றார். கோபம் வந்தது. ஆனால் தோட்டம் அவருடையது. சரி, மலைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பாதையைத் திறக்கும் நாளன்று எங்கள் ஜீப்பிலேயே போனோம். வீட்டுக்காரர் ஓட்ட, மேடமும் நானும் முன்னால். விலங்கியல் சார் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற வெயில் கழன்று, மெட்டில் பனிப்புகை முகத்தில் மோதியது. சாரும் மேடமும் வழியெல்லாம் சண்டை. சில்வர் ஓக்கின் பேரைக் கூட விட்டுவைக்கவில்லை.

தோட்டத்தில் பக்கத்து விவசாயிகள் சிலரும் கல்லூரி மாணவிகள் சிலரும் வந்திருந்தார்கள். அந்த வீட்டில் தங்கியிருந்த ஜப்பான்காரப் பெண்மணி ஒருவரும் இருந்தார். வயது அறுபதை ஒட்டியிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்சு. இஞ்சி, மஞ்சள், ஏலம் என்று அந்தக் குடும்பத்துச் செடிகளைத் தன் ஊரில் தொட்டியில் வளர்க்கிறவராம். ஏலம் அதன் சொந்த மலையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே வந்திருந்தார். கூட வந்த வழிகாட்டிக்குக் காய்ச்சல், அறையிலேயே படுத்துவிட்டார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. எனக்கும் அதே கதிதான்.

முதல் பலகை, நாவல் மரம். எல்லோரும் போனை நீட்டினார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. தோட்டத்து வீட்டில் இணையம் இருக்கிறது. இந்த மரங்களுக்கு அடியில் சிக்னல் இல்லை. யாரும் இதை யோசிக்கவில்லை. தோட்டக்காரரின் முகம் சிவந்துவிட்டது.

மேடம் என் தோளைத் தொட்டார். "அக்கா, நீங்களே சொல்லிருங்க."

"மைக்கு எடுத்துட்டு வரவா?" என்றார் வீட்டுக்காரர்.

நான் வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பயமாக இருந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் பேசி ஒருவர் கேட்பதை நேரில் பார்த்ததே இல்லை. முட்டை அட்டைச் சுவர்தான் என் கூட்டம். இப்போது எல்லா முகமும் என் வாயைப் பார்க்கின்றன. மூச்சை அடிவயிறுவரை இழுத்தேன்.

"நாவல். சிசிஜியம் குமினி."

காட்டுக்குள் அது அழகாக ஒலித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மரமே திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு. சார் சும்மா இருப்பாரா? "சைஸீஜியம்னும் சொல்லலாம்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். மாணவிகள் சிரித்துக்கொண்டே இரண்டையும் சொல்லிப் பார்த்தார்கள். அப்போது அந்த ஜப்பான் அம்மா மரத்தில் கையை வைத்து, "ஷிஜிகியுமு" என்றார். மூன்று பேரும் ஒரே மரத்தைத்தான் சொல்கிறோம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்குப் பயம் போய்விட்டது.

அடுத்தடுத்த பலகைகளில் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் சொல்வேன், சார் மறுப்பார், மேடம் சாரை மறுப்பார், ஜப்பான் அம்மா கடைசியாகத் தன் வாய்க்கு வந்தபடி சொல்லித் தலையசைப்பார்.

ஏலச் செடிக்கு வந்ததும் அவர் ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஏலத்தின் பூ செடியின் உச்சியில் இருக்காது. அடியில், தரையோடு தரையாகக் கொடி நீட்டி, வெள்ளையாய், நடுவில் ஊதா வரிகளோடு பூத்துக் கிடக்கும். அதைத் தொடாமல் தொட்டு, மெதுவாக, "எரெத்தாரியா" என்றார்.

நானும் அவருக்கு எதிரில் குந்தினேன். "எலெட்டாரியா" என்றேன். பிறகு ஒரு காயைப் பறித்து நகத்தால் பிளந்து, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த விதைகளை அவர் உள்ளங்கையில் உதிர்த்தேன். "ஏலத்தரி."

அவர் என்னைப் பார்த்தார். செடியைத் தொட்டு, "எரெத்தாரியா" என்றார். உள்ளங்கையைக் காட்டி, "எரத்தரி?" என்றார்.

நான் தலையை ஆட்டிய வேகத்தில் முக்காடு நழுவிவிட்டது. "ஆமா! ஆமா! ஏலத்தரி, எலெட்டாரியா!"

அவர் கையிலிருந்த விதை சிந்தக் கைதட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல எழுந்து சுற்றிலும் தேடினார். பாதையோரம் வேலையாட்கள் சமையலுக்கு ஊன்றியிருந்த இஞ்சியைக் கண்டுபிடித்து, "ஜிங்கிபெரு!" என்றார், என்னைப் பார்த்து, இது என்ன சொல்லு என்பதுபோல.

"இஞ்சி" என்றேன். மேடம் பின்னாலிருந்து கிட்டத்தட்டக் கூவினார்: "வேரு! வேரையும் சேத்துச் சொல்லுங்கக்கா! இஞ்சிவேருங்கிறதுதான் கப்பல் ஏறிப் போயி ஜிங்கிபர் ஆச்சுன்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க!"

"இஞ்சிவேர்!" என்றேன்.

"இஞ்சிபேரு!" என்றார் அவர். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு முழு வாக்கியம் கிடையாது. ஆனாலும் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். பக்கத்து வரிசையில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "என்னாடி இது, இஞ்சியப் பாத்துட்டு இந்தக் குதி குதிக்கிறாங்க?" என்று ஒருத்தி கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சரியாக அப்போது தலைக்கு மேல் கிளை ஒடிவதுபோல ஒரு சத்தம். மலையணில்! செந்தவிட்டு முதுகும், நீளமான புசுபுசு வாலுமாய், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பறக்காத குறையாகத் தாவியது.

"ரட்டுஃபா இண்டிகா!" என்றேன் நான். "ரட்யூஃபா!" என்றார் சார். "ராத்தூஃபா!" என்றார் மேடம். ஜப்பான் அம்மாவும் ஏதோ சொன்னார். மாணவிகளும் ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். அணில் ஒரு நொடி எங்களைப் பார்த்துவிட்டு ஓடியே போய்விட்டது.

தோட்டக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆளுக்கொரு பேரு சொல்லிக் கூப்பிட்டா அது யாருகிட்டதான் போகும்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ உன் வாய்க்கு வந்த மாதிரியே பதிஞ்சிரு. ஏலக்காய்க்கு மட்டும் ஏலத்தரி கதையையும் சேத்துச் சொல்லிரு. இங்கிலீசும் வேணாம், லண்டனும் வேணாம்."

சிக்னலுக்கும் வழி பிறந்தது. விருந்தாளிகள் நடக்கக் கிளம்பும் முன்பே தோட்டத்து வீட்டில் வைத்து எல்லாக் குரலையும் போனில் இறக்கிக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். நான் ஏலத்தை மறுபடி பதிந்து அனுப்பினேன். சார் கேட்டுக்கொண்டதால் இருவாச்சிக்கு மட்டும் இரண்டு உச்சரிப்பும் இருக்கிறது. இப்போது கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், இதையே மலையாளத்தில் செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியும் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரரிடம் மலையாளம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பாதை திறந்த அன்று மாலை மலையிறங்கும்போது ஒரு வளைவில் பாறைமேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இளஞ்சிவப்பாய்ச் சின்னச் சின்னப் பூக்கள்.

"நிறுத்துங்கண்ணே!" என்று மேடம் கத்தினார். வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டார். குனிந்து பார்த்து, நிமிர்ந்து, கண் விரிய, "காசித்தும்பை இனம்க்கா. முதல் பேரு தெரியும், இம்பாத்தியென்ஸ். ரெண்டாவது பேரு எனக்குத் தெரியல!" என்றார்.

"இம்பேஷியன்ஸ்" என்றார் சார், பெட்டிகளுக்கு நடுவிலிருந்து இறங்கிக்கொண்டே.

"பேரு தெரியாததுக்கா இவ்வளவு சந்தோசம்?" என்று வீட்டுக்காரர் என் காதில் கேட்டார்.

சார் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் ஈரப்பாறையில் கவிழ்ந்து படுத்துப் படம் எடுக்கத் தொடங்கினார். மேடம் இலையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேருக்குப் பொறுமை இல்லாதது என்று பொருளாம். ஏன் என்று கேட்டேன். "காயைத் தொட்டுப் பாருங்க" என்றார்.

பச்சையாய் உப்பியிருந்த ஒரு காயை இரண்டு விரலால் மெல்லத் தொட்டேன். பட்டென்று வெடித்து, விதைகள் என் மூக்கிலும் கன்னத்திலும் தெறித்தன. நான் போட்ட கூச்சலில், மேலே ஏறிக்கொண்டிருந்த பஸ்சின் ஜன்னல்களில் எல்லாத் தலையும் வெளியே எட்டிப் பார்த்தது.